16 வாரத்தில் கண்காட்சி: இச்சி, புளி, காகிதப்பூ மூன்றில் எந்த இரண்டு?

வேரடி (கேள்வி):

வணக்கம். உள்ளரங்கில் நடக்கும் போன்சாய் (தொட்டியில் வளர்க்கும் குறுமரம்) கண்காட்சி ஒன்றுக்குச் சரியாக 16 வாரம் இருக்கிறது. மூன்று நாள், குளிரூட்டிய அரங்கு, சன்னல் வெளிச்சம் கிடையாது. ஒருவருக்கு இரண்டு மரம்தான் அனுமதி. கைவசம் தேறுவது மூன்று.

முதலாவது கல்லிச்சி, ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. உயரம் 55 செ.மீ., மண்மட்டத்தில் அடிமரம் 9 செ.மீ. குறுக்களவு. வேர்ப்பரப்பு நாலாபக்கமும் நன்றாக விரிந்திருக்கிறது. ஆனால் இன்னும் பிளாஸ்டிக் பயிற்சித் தட்டில்தான் நிற்கிறது. கீழ்க்கிளைகள் இரண்டில், வளைத்து நிறுத்துவதற்காகச் சுற்றிய கம்பி இருக்கிறது. இலை 6 செ.மீ. வரை போகிறது, மரத்தின் உயரத்துக்கு அது பெரிது.

இரண்டாவது புளி. 60 செ.மீ., நேர்நிலை வடிவம், பட்டை வெடித்து முதிர்ந்த மரமாகத் தெரிகிறது. நல்ல தொட்டியில் இருக்கிறது.

மூன்றாவது காகிதப்பூ. 40 செ.மீ., அடிமரத்தின் ஒரு பக்கம் செத்த கட்டை, நடுவில் பொந்து. பூத்து நின்றால் மூன்றிலும் இதுதான் முதலில் கண்ணை இழுக்கும்.

எந்த இரண்டைத் தேர்வது? இச்சியை இப்போது தொட்டி மாற்றலாமா, புது இலை சிறிதாக வர இருக்கும் இலையை எடுப்பது எப்போது? கம்பியோடு வைத்தால் குறையாகப் பார்ப்பார்களா? பாசி பதிப்பது, தொட்டி, பீடம் பற்றியும் சொல்லுங்கள். அடுத்தடுத்த கண்காட்சிகளை நினைத்து வளர்க்கத் தகுந்த வேறு மரங்கள் எவை என்பதும் தெரிந்தால் நல்லது.

கவாத்துக்கத்தி:

இச்சி கட்டாயம். மற்ற இரண்டில் எது என்பதைக் கடைசி மூன்று வாரம் வரை முடிவு செய்யாதீர்கள், இரண்டையும் தயார் செய்யுங்கள். காகிதப்பூ தேதிக்குப் பூக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இச்சியின் கணக்கைக் கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வெப்பமான பருவத்தில் இலை முழுவதும் எடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர் விரியும். விரிந்த இலை தடித்துக் கரும்பச்சையாக முற்ற மேலும் நான்கு வாரம் வேண்டும். ஆக, 7 முதல் 8 வாரம் முன்னால் எடுக்க வேண்டும். 5 வாரம் இருக்கும்போது எடுத்தால் வெளிறிய கொழுந்தோடு போய் நிற்கும், குளிரூட்டிய காற்றில் அந்தக் கொழுந்து சீக்கிரம் துவளும். 12 வாரம் இருக்கும்போதே எடுத்துவிட்டால் நுனிகள் மறுபடி நீண்டு, மரத்தின் வெளிக்கோடு கலைந்துவிடும்.

தொட்டி மாற்றுவதென்றால் இந்த வாரமே. வேர் வெட்டும் முழு இலை நீக்கமும் அடுத்தடுத்து கூடாது. புது வேர் ஓடுவதற்கு இலை தயாரிக்கும் சத்து வேண்டும், புது இலை விரிவதற்கு வேர் தரும் தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பறித்தால் மரம் சேமித்து வைத்ததைத் தின்றுதான் பிழைக்கும். இப்போது மாற்றினால் நடுவே 8 வாரம் கிடைக்கிறது. அடியிலும் ஓரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் வேரை மட்டும் எடுங்கள், மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். வடிகால் துளை வழியாக விட்ட கம்பியால் மரத்தைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். ஆடும் மரத்தில் புது வேர்முனை ஒவ்வொரு காற்றுக்கும் அறுந்துகொண்டே இருக்கும்.

8 வாரம் கழித்து அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்துவிட்டது, இலை எடுக்கலாம். மரம் மட்டும் தனியாக ஆடினால் முழு நீக்கத்தை மறந்துவிடுங்கள். பெரிய இலைகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு உள்ளபடி கொண்டுபோங்கள். இலை கொஞ்சம் பெரிதாக இருப்பது குறைதான், ஆனால் நலிந்த மரம் அதைவிடப் பெரிய குறை.

எடுக்கும் முறை: காம்பில் பாதியை விட்டு இலையைக் கத்தரியுங்கள். பிடித்து இழுத்தால் காம்பின் அடியில் இருக்கும் மொட்டும் சேர்ந்து வந்துவிடும். மீதிக் காம்பு சில நாளில் தானாக உதிரும். உச்சியிலும் வெளிப்புறத்திலும் உள்ள வலுவான கிளைகளில் நுனிமொட்டையும் கிள்ளிவிடுங்கள், பின்னாலிருந்து இரண்டு மூன்று மொட்டு எழும். வலுக்குறைந்த உள்கிளை, கீழ்க்கிளைகளில் நுனிமொட்டைத் தொடக்கூடாது, ஓரிரு இலையும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மொட்டையடித்தால் பலம் முழுவதும் உச்சிக்கு ஏறும், கீழ்க்கிளை சுணங்கும், சில நேரம் காய்ந்தே போகும். கீழ்க்கிளை போனால் மரத்தின் வடிவமே போயிற்று. ஃபைகஸின் இன்னோர் இனமான பென்ஜமினாவில் இது இன்னும் கடுமை, இலையே மிச்சமில்லாமல் வெட்டிய கிளை அப்படியே பட்டுப்போகும். மைக்ரோகார்ப்பா முதிர்ந்த கட்டையிலிருந்தும் துளிர்க்கும். கண்காட்சிகளில் இந்த இனத்தை அதிகம் காண அதுவும் ஒரு காரணம்.

வெட்டிய இடமெல்லாம் பால் வடியும். தண்ணீர் தெளித்து உடனே துடைத்துவிடுங்கள். பட்டையில் காய்ந்த பால் கறையாக நின்று, கண்காட்சி விளக்கில் நன்றாகத் தெரியும்.

இலை இல்லாத மரம் அதிகம் தண்ணீர் குடிக்காது. பழைய அளவிலேயே ஊற்றினால் வேர் அழுகும், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். முழு வெயிலில் வையுங்கள். நிழலில் வரும் துளிர் கணுவிடை நீண்டு, இலை அகன்று, பட்ட பாடு வீணாகும். நான்கு நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால்சுற்று திருப்புங்கள். துளிர் விரியும் வாரங்களில் தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம், சிறுக்க வேண்டிய இலையை அதுவே பெருக்கிவிடும். மூன்று இலை தாண்டி ஓடும் நுனியை இரண்டு இலைக்குக் கிள்ளுங்கள். 6 செ.மீ. இலை இந்த வழியில் பாதியாகக் குறைவது அசாதாரணமல்ல.

இலைப்பேன் கவனம். மைக்ரோகார்ப்பா இலை நடுநரம்பில் மடிந்து, செம்புள்ளி விழுந்து, பிரித்தால் உள்ளே கறுப்பாகப் பேன் ஓடும். அப்படி மடிந்த ஒரே ஒரு இலை போதும், நுழைவுப் பரிசோதனையில் மரத்தைத் திருப்பி அனுப்பலாம், அது நியாயமும்கூட. வெட்டிய இலைகளைத் தொட்டியடியில் விடாமல் மூட்டைகட்டி அப்புறப்படுத்துங்கள். புதுத் துளிரை வாரம் இருமுறை பாருங்கள்.

இப்போது காகிதப்பூ. நிறமாகத் தெரிவது பூவல்ல, பூவடி இலை. பூ என்பது நடுவில் இருக்கும் சிறு வெண்குழல்தான். அவை வருவது புதுக் கிளையில். அதனால் கண்காட்சிக்கு 12 வாரம் முன் ஒரு கவாத்து, 9 வாரம் முன் வெளிக்கோட்டைச் சரிசெய்ய ஒரு லேசான கவாத்து. அதற்குப் பின் கத்தி படக்கூடாது, ஒவ்வொரு வெட்டும் வரவிருக்கும் பூக்கொத்தை வெட்டுவதுதான். புதுக் கிளை ஒரு சாண் நீண்டதும், கண்காட்சிக்கு 6 வாரம் இருக்கும் வாக்கில், தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவளத் தொடங்கிய பிறகுதான் அடுத்த தண்ணீர். நாள் முழுக்க வெயில். முட்களின் அருகே, இலைக்கக்கத்தில் நிறம் தெரிய ஆரம்பித்ததும் தண்ணீரை வழக்கமான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள், நிறம் வந்த பிறகும் காயப்போட்டு மொட்டை உதிர்த்துவிடுகிறார்கள்.

செத்த கட்டைக்கு ஒரு வார்த்தை. காகிதப்பூவின் கட்டை மெத்தென்றது, ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தின் கட்டைபோல் ஆண்டுக்கணக்கில் நிற்காது. பொந்தில் தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் வழி செய்யுங்கள். உளுத்த பகுதியைக் கெட்டியான கட்டை வரும்வரை சுரண்டி, முழுவதும் காயவிட்டு, மரம் கடினமாக்கும் பிசினைப் பூசுங்கள். வெளிப்பரப்புக்குச் சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் அடிப்பதென்றால் கண்காட்சிக்கு நான்கு வாரம் முன்பே அடித்துவிடுங்கள், கட்டையை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு. அடித்த புதிதில் சுவரில் வெள்ளையடித்ததுபோல் தெரியும். கரைசலில் சில துளி கறுப்பு மை கலந்தால் பொந்தின் உட்புறம் இயல்பான நிழலோடு அமையும். மண்ணை பாலித்தீன் தாளால் மூடிவிட்டு வெளியிடத்தில் செய்யுங்கள். அந்தக் கரைசல் வேருக்கும் பாசிக்கும் ஆகாது, மூடிய அறையில் நாற்றமும் தாங்காது.

புளிக்கு வேலை குறைவு. 6 வாரம் முன் வெளிக்கோட்டுக்கு வெட்டிவிட்டு, இலையை எடுத்துவிடுங்கள். சிற்றிலை என்பதால் சீக்கிரம் முற்றும். துளிர் வரும் நேரத்தில் ஒருநாள்கூட மண் முழுதாகக் காயக்கூடாது, காய்ந்தால் இளஞ்சிற்றிலைகள் கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

மண்சல்லடை:

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் வேறு கருத்து. இச்சியின் வேர் பயிற்சித் தட்டில் தளர்வாக இருந்தால் வேர் வெட்டு வேண்டாம். வேர்க்கட்டியைக் கலைக்காமல் அப்படியே தூக்கி, அதைவிடச் சற்றே அகலமான கண்காட்சித் தொட்டியில் இறக்கி, சுற்றிப் புது மண் நிரப்புங்கள். முறையான வேர்வேலை கண்காட்சி முடிந்த பிறகு. தட்டு ஆழமாக இருந்து வேர்க்கட்டி புதுத் தொட்டியில் அடங்காவிட்டால் மட்டும் கவாத்துக்கத்தி சொன்ன வழி. அப்போதும் இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

தொட்டி அளவு: நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 55 செ.மீ. மரத்துக்கு 36, 37 செ.மீ. கிளைவிரிவு உயரத்தைவிட அதிகமென்றால் விரிவில் மூன்றில் இரண்டு பங்கைப் பாருங்கள். ஆழம் பொதுவாக அடிமரத்தின் பருமன், அதாவது 9 செ.மீ. ஆனால் வேர் நன்றாக விரிந்த இச்சிக்கு 6, 7 செ.மீ. ஆழமே எடுப்பு. தொட்டி தாழத்தாழ வேரடி அகலமாகத் தெரியும். நீள்வட்டமோ, முனை மழுங்கிய செவ்வகமோ, பளபளப்பு பூசாத பழுப்பு அல்லது சாம்பல் நிறம். புளியின் முரட்டுப் பட்டைக்கும் பூசாத தொட்டிதான். காகிதப்பூவுக்கு மட்டும் பூச்சுள்ள தொட்டி: ஊதாச் சிவப்புப் பூவென்றால் வெளிறிய பச்சை, மங்கிய நீலம், பால்வெள்ளை. பூவின் நிறத்திலேயே தொட்டி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பைத் தண்ணீர் கலந்த வினிகரால், நைலான் தூரிகை கொண்டு தேயுங்கள், மண்ணில் வழியாமல். காய்ந்ததும் துணியில் இரண்டு துளி மினரல் எண்ணெய் தொட்டு மெல்லியதாகத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு இதைச் செய்தால் போதும். எண்ணெய் மிகுந்தால் பிளாஸ்டிக் போல மினுங்கும், தூசியும் ஒட்டும். பழைய தொட்டியில் காலத்தால் படிந்த மெருகு இருந்தால் அதைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். மதிப்பே அதில்தான்.

பாசியை மூன்று வாரம் முன் பதியுங்கள், கந்தகக் கரைசல் வேலை முடிந்த பிறகு. வெயில் படும் கல்லிலும் சுவரிலும் வளரும் குட்டையான, வெல்வெட் மாதிரிப் பாசியைத் தேடுங்கள். நிழலில் நீண்டு வளரும் பாசி வெயிலுக்கு வந்ததும் பழுத்துவிடும். அடியில் ஒட்டிய மண்ணை 2, 3 மி.மீ. விட்டு மீதியைச் சீவிவிடுங்கள். தொட்டியின் மேல்மண்ணிலும் ஒரு சென்டிமீட்டர் அளவு எடுத்துவிட்டு, 1, 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணைப் பரப்பி நனைத்து, அதன்மேல் துண்டு துண்டாக அழுத்துங்கள். ஓரத்தை இடுக்கியால் மண்ணுக்குள் செருக வேண்டும். செருகாத ஓரம் காய்ந்து சுருண்டு எழும்பும். விளிம்பிலிருந்து 4 மி.மீ. தாழ்ந்து தொடங்கி வேரடி நோக்கி மெல்ல உயர வேண்டும். வேரின்மேல் ஏற விடாதீர்கள், இத்தனை ஆண்டு வளர்த்த வேரடியை மூடிவைத்துக் காட்டுவதில் பொருளில்லை.

ஒரே இனப் பாசியை முழுக்கப் பரப்பினால் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று இனத்தைக் கலந்து, இடையிடையே சலித்த மண் தெரியும்படி விடுங்கள். உரக்கட்டி, பெயர்ப்பட்டை, களை, பழைய கம்பித் துண்டு எல்லாம் அப்போதே போய்விட வேண்டும். கடின நீரை இலைமேல் தெளிப்பதைக் கடைசி இரண்டு மாதம் நிறுத்துங்கள். வெள்ளைப் புள்ளி விழுந்தால் இலை இலையாகத் துடைப்பதைத் தவிர வழியில்லை. மழைநீரோ வடிகட்டிய நீரோ போதும். இலை மினுக்கும் தெளிப்பான்கள் வேண்டவே வேண்டாம், நடுவர் கண்ணுக்கு அது ஒரே பார்வையில் தெரியும்.

பீடம்: தொட்டியின் கால்கள் பீடத்தின் மேல்தளத்துக்குள் வசதியாக அடங்கி, இரண்டு பக்கமும் இடம் மிஞ்ச வேண்டும். 37 செ.மீ. தொட்டிக்கு 48 முதல் 50 செ.மீ. பீடம். பருத்த அடிமரத்துக்குக் கால் தடித்த பீடம், மெலிந்து வளைந்த மரத்துக்கு மெல்லிய பலகை. மரத்துக்குப் பக்கத்தில் சிறு தொட்டியில் வைக்கும் துணைச்செடி, மரத்தொட்டி விளிம்பின் உயரத்தைத் தாண்டாமல், மரம் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறதோ அந்தப் பக்கத்தில். மரத்தையும் நடுவில் வைக்காமல், அது பார்க்கும் திசையில் வெற்றிடம் அதிகம் இருக்கும்படி தள்ளி வையுங்கள். துணைச்செடியின் தொட்டி பிரதான தொட்டியின் நிறத்தையோ வடிவத்தையோ திரும்பச் சொல்லக்கூடாது.

வேரடி:

இருவருக்கும் நன்றி. தட்டின் ஆழம் 14 செ.மீ., ஆக வேர் வெட்டாமல் முடியாது என்று நினைக்கிறேன். இன்றே செய்துவிடுகிறேன். ஒரு சந்தேகம்: காகிதப்பூ ஏமாற்றினால் புளிதான் போகும். சன்னல் இல்லாத அரங்கில் புளி மூன்று நாள் தாங்குமா?

விழுது:

தாங்கும், ஆனால் தூங்கும். அதைத் தெரிந்துகொண்டு கொண்டுபோங்கள். புளி, கொடுக்காப்புளி போன்றவற்றின் சிற்றிலை அடியில் சிறு முடிச்சு இருக்கிறது. அதிலுள்ள செல்களில் நீரழுத்தம் ஏறி இறங்குவதால் இலை விரிந்து மூடுகிறது. இரவில் மூடுவது வெளிச்சத்தால் மட்டுமல்ல, மரத்துக்குள் இருக்கும் நாள்கணக்காலும். மங்கிய அரங்கில் பிற்பகலிலேயே சிற்றிலைகள் சேர்ந்துகொள்ளும். அடர்ந்த மேகம்போல இருந்த முடி அப்போது பாதியாக மெலிந்து தெரியும். மரத்துக்குக் கேடில்லை, காட்சிக்குத்தான் கேடு.

செய்ய வேண்டியது: நடுவர் சுற்று எந்த நேரம் என்று கேளுங்கள். பெரும்பாலும் திறப்புக்கு முன்னால் காலையில் இருக்கும், புளிக்கு அது நல்ல நேரம். மரத்தை முந்தின நாள் மாலையே உள்ளே வைத்துவிடாமல், விதி இடம் கொடுத்தால் அன்று காலை வெயில் காட்டிவிட்டுக் கடைசியாக ஏற்றுங்கள். நேரே விளக்கு விழும் இடம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, மூடிய நிலையிலும் மரம் பார்க்கும்படி இருக்க வேண்டுமென்றால் கிளைப்பின்னல் ஒழுங்காக இருக்க வேண்டும். இலை மூடியதும் உள்ளே குறுக்கே ஓடும் கிளை, ஒரே இடத்தில் கிளைத்த மூன்று கிளை எல்லாம் வெளியே தெரியும். கண்காட்சிக்கு 6 வாரம் முன் இலை எடுக்கும்போதே அவற்றைத் தீர்த்துவிடுங்கள்.

கம்பி பற்றி. இச்சியில் வளரும் பருவத்துக் கம்பி நான்கு முதல் ஆறு வாரத்தில் பட்டையைக் கடிக்கத் தொடங்கும். கீழ்க்கிளையில் இருப்பதை உடனே பாருங்கள். கடிக்க ஆரம்பித்திருந்தால் பிரித்துச் சுழற்றாமல், கம்பிவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுங்கள். சுழற்றினால் மொட்டும் பட்டையும் உரியும். கிளை திரும்ப எழும்பினால், இலை எடுத்த நாளில் புதுக் கம்பி. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன், 45 பாகைச் சாய்வு, சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறக்கூடாது. கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன் மீண்டும் பாருங்கள். அந்த 6 வார இடைவெளியில் கிளை நின்றுவிடும், எடுத்துவிடலாம். தடம் விழுந்தால் அது ஆறும்வரை மேடைக்கு வராத மரம் அது.

என் கருத்து, வெப்பமண்டல அகன்ற இலை மரம் கம்பியில்லாமல்தான் வர வேண்டும். இவை வேகமாக வளர்பவை. கம்பி இன்னும் தேவைப்படுகிறதென்றால் கிளை இன்னும் அமையவில்லை என்றுதான் பொருள்.

ஏற்றிச்செல்வது: தொட்டியைவிட நான்கு பக்கமும் 4 செ.மீ. பெரிய பெட்டி, இடைவெளியில் பஞ்சுக்கட்டி திணித்து ஆடாமல் நிறுத்துங்கள். பாசி உதிராமல் இருக்க ஈரத்துணி போர்த்தி, தொட்டியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். கிளைநுனி எதையும் தொடக்கூடாது. திறந்த வண்டியில் வேண்டவே வேண்டாம், ஒரு மணி நேர வேகக் காற்று கொழுந்து முழுவதையும் கருக்கிவிடும். பீடத்தைத் தனியாகப் போர்வையில் சுற்றுங்கள். காகிதப்பூ போவதாக இருந்தால் முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, உதிரத் தயாராக இருக்கும் பூவடி இலைகளைத் தட்டிக் கழித்துவிட்டே ஏற்றுங்கள். அரங்கில் போய் உதிர்ந்தால் பாசிமேல் விழுந்து பொறுக்க நேரமாகும்.

அரங்கில் தண்ணீர் காலையில், திறப்பதற்கு முன். மரத்தைப் பீடத்திலிருந்து இறக்கி, ஊற்றி, வடிந்ததும் தொட்டியின் அடியைத் துடைத்துவிட்டு வையுங்கள். பீடத்திலேயே வைத்துத் தெளித்தால் மெருகு வெளுத்துவிடும். குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடமென்றால் முதல் நாளே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

நுனிமொட்டு:

கம்பி பற்றி விழுது சொன்னது அகன்ற இலை மரத்துக்குச் சரி. ஊசியிலை மரங்களுக்கு அதைப் பொது விதியாக்க வேண்டாம். ஜப்பானியக் கண்காட்சிகளிலேயே பைனும் ஜூனிபரும் நேர்த்தியாகக் கட்டிய செப்புக் கம்பியோடு நிற்பது இயல்பு. செம்பு நாள்பட மங்கிப் பட்டையோடு கலந்துவிடும். பளிச்சென்ற வெள்ளி நிற அலுமினியக் கம்பிதான் கண்ணை உறுத்துவது.

அடுத்து எந்த மரங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எந்த மரம் எப்போது சிறந்து நிற்கிறது என்பதை வைத்துத்தான் பெரிய கண்காட்சிகள் தேதியே வைக்கின்றன. டோக்கியோ உவேனோவில் 1934-ல் தொடங்கிய கொக்குஃபு கண்காட்சி பிப்ரவரியில் நடக்கிறது. மேப்பிள், செல்கோவா போன்ற இலையுதிர் மரங்கள் அப்போது வெறும் கிளைப்பின்னலோடு நிற்கும், எந்தப் பிழையையும் இலை மறைக்காது. கறுப்புப் பைனுக்கும் அதுவே பொருத்தம். கோடைத் தொடக்கத்தில் அந்த ஆண்டுத் துளிரை முழுதும் வெட்டி, இரண்டாவதாக வரும் குட்டைத் துளிரை வளரவிட்டால் ஊசி பாதி நீளத்தில் நிற்கும். குளிர்காலத்தில் பழைய ஊசியைப் பறித்தால் மேடைக்குத் தயார். கியோத்தோவின் தைக்கான் கண்காட்சி நவம்பரில், இலை நிறம் மாறும், பழம் நிற்கும் காலம். சட்சுகி அசேலியா என்ற பூச்செடிக்கு மே கடைசி, ஜூன்.

வெப்பமண்டல மரங்களுக்கு இந்தப் பருவக் கட்டாயம் இல்லை. இலை எடுக்கும் நாளை நாமே வைப்பதால் தேதியையும் நாமே வைக்கிறோம், அது பெரிய வசதி. தைவான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வளர்ப்பாளர்கள் இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முன்னை, கடலோரப் பாறையில் வளரும் பெம்ஃபிஸ், சவுக்கு ஆகிய மூன்றும் அங்கே மேடையில் முதலிடத்து மரங்கள். பெம்ஃபிஸ் அழகு, செத்த கட்டை இரும்புபோல நிற்கும், ஆனால் வளர்ச்சி மிக மெதுவு, வேர் வெட்டை மன்னிக்காது. சவுக்கு நேர்மாறு: வேகமாக வளரும், நுனியை மாதம் இருமுறை கிள்ளாவிட்டால் விளக்குமாறுபோல் ஆகிவிடும். தண்ணீர் ஒருநாள் தவறினாலும் உள்கிளை காயும். முன்னைதான் நடுநிலை, வெட்டுக்கு உடனே துளிர்க்கும், இலை நன்றாகச் சிறுக்கும். புதிதாகத் தொடங்க அதைத்தான் சொல்வேன்.

ஆலும் அரசும் எல்லோருக்கும் பிடித்தவை, ஆனால் சிறிய அளவுக்கு ஒத்துவராதவை. ஆலிலையை எத்தனை முறை எடுத்தாலும் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. அரசிலை சிறுத்தாலும் காம்பு நீளமாகவே தொங்கும். 75 செ.மீ.க்கு மேல், பருத்த அடிமரமும் விழுதும் காட்டும் பெரிய மரமாக வளர்க்க இடமும் தொட்டியும் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். 20 செ.மீ.க்கு உட்பட்ட ஷொஹின் அளவுக்கு கறிவேப்பிலைக் குடும்பத்து முர்ராயா, சிற்றிலைக் கார்மோனா, பிராய் மூன்றும் நம்பத்தகுந்தவை. பிராயின் சொரசொரப்பான இலை சிறுத்தால் அந்த அளவுக்கு அளந்து செய்ததுபோல் இருக்கும். ஷொஹினைத் தனியாக வைப்பதைவிட அடுக்குப் பீடத்தில் ஐந்தாறு மரமாக வைப்பதே வழக்கம். ஆகவே ஒரு மரம் போதாது, ஒன்றோடொன்று வேறுபட்ட இனம், வடிவம், தொட்டி நிறம் என்று தொகுப்பாகவே திட்டமிட வேண்டும்.

முகப்பை, அதாவது பார்ப்பவரை நோக்கி நிற்கும் பக்கத்தை, தீர்மானிக்க எளிய வழி: மரத்தின் நடு உயரம் கண்மட்டத்தில் இருக்கும்படி வைத்து, வெள்ளைத் திரை முன்னால், நான்கு பக்கமும் கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். பச்சை நிறம் போனதும் அடிமரத்தின் ஓட்டமும் கிளைகளுக்கிடையே உள்ள வெற்றிடமும் மட்டும் நிற்கும். இச்சிக்கு இதைத் தொட்டியில் இறக்குவதற்கு முன் செய்யுங்கள். முகப்பு பத்துப் பாகை திரும்பினாலும் தொட்டிக்குள் மரம் நிற்கும் கோணம் மாற வேண்டும். மண் போட்டுக் கட்டிய பிறகு அதைத் திருத்த முடியாது.

வேரடி:

படம் எடுத்துப் பார்த்ததில் முகப்பு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது. இல்லாவிட்டால் தடித்த வேர் ஒன்று நேராகக் கண்ணை நோக்கி நீண்டிருக்கும். அந்தக் கோணத்திலேயே நட்டுக் கட்டிவிட்டேன். கடைசியாக ஒன்று: கண்காட்சி முடிந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

கவாத்துக்கத்தி:

வந்ததும் நேராக முழு வெயிலில் வைக்காதீர்கள். மூன்று நாள் மங்கலில் இருந்த இலை கருகும். ஒரு வாரம் பகுதி நிழல், பிறகு காலை வெயில், அடுத்த வாரம் பழைய இடம். மற்ற மரங்களோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக. பக்கத்து மரத்திலிருந்து மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தொற்றிக்கொள்ள மூன்று நாள் தாராளம். இலையின் அடிப்பக்கம், கிளைக்கவட்டை, தொட்டியின் வடிகால் துளை மூன்றையும் பாருங்கள். உரம் இரண்டு வாரம் கழித்து.

பாசியை எடுத்துவிடுங்கள், பார்க்க அழகாக இருக்கிறதென்று விட்டுவைக்க வேண்டாம். மண் காய்ந்திருக்கிறதா என்று தெரியாமல் மறைக்கும், தண்ணீர் சில இடத்தில் இறங்காமல் வழிந்தோடும், வேரடிப் பட்டை ஈரத்தில் மெத்தென்றாகும். எடுத்ததை ஆழமில்லாத தட்டில் சலித்த மண்மேல் பரப்பி வையுங்கள், அடுத்த முறைக்கு உதவும். காகிதப்பூ போயிருந்தால் பூ முடிந்த கிளைகளை வந்த மறுநாளே இரண்டு கணுவுக்கு வெட்டிவிடலாம். இச்சியில் மட்டும் ஒரு மாதம் கத்தி வேண்டாம், நுனிகள் ஒரு சாண் ஓடட்டும்.